பொத்தான் கடையில் ஒரு வியாழக்கிழமை

பதினோரு மணி நேரம். முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை, கடை திறந்ததிலிருந்து ஷட்டர் இறங்கும்வரை, அவள் அந்தப் பொத்தான் கடையின் மூலையில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். வரி ஆபீசில் சேர்ந்து அப்போது இரண்டே மாதம். அந்தக் காலத்து முறை அதுதான். ஆபீசிலிருந்து ஒருவர் போய் நாள் முழுக்க உட்கார்ந்து, யார் என்ன வாங்கினார்கள் என்று குறித்துக்கொண்டு வருவார். அதை வைத்து வருஷ வரி போடுவார்கள்.

கல்லாவில் இருந்த இளைஞன் அன்று அவளிடம் பேசியது இரண்டே பேச்சு. காலையில், "ஃபேன் போடட்டுமா?" மத்தியானம், "காத்து போதுமா?" கண்ணாடி ஜாடிகளில் வெயில் பட்டு, எதிர்ச் சுவரில் பச்சையும் சிவப்புமாகத் தெறித்தது. கடையில் ஈ நுழைய இடமில்லாத கூட்டம்.

வரி நோட்டீஸ் போன மறுமாதமே அவன் அம்மா பெண் கேட்டு வந்துவிட்டாள். "வரி நோட்டீஸைப் பாத்து மயங்கினவன் உலகத்துலேயே நான் ஒருத்தன்தான்" என்று அவள் கணவர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். கல்யாணத்துக்குப் பிறகு அந்தக் கடையின் ஃபைலை அவள் தொட்டதில்லை.

இப்போது அவள் பென்ஷன்காரி. கடைக்காரர்களின் வரியைக் குறைத்து, அதற்கு ஈடாகப் பென்ஷனை வெட்டலாமா என்று நாளைக்கு ஊர் மண்டபத்தில் கருத்துக் கேட்கிறார்கள். வியாபாரிகள் சங்கத்தின் சார்பில் பேசப்போவது அவள் கணவர். நாளைக்குப் போட வேண்டிய சட்டையில் அவள் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்கே, பேசிக் காட்டுங்க."

அவர் தொண்டையைச் செருமினார். "ஐயா, முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால எங்க தெருவுலேயே பெரிய வரி எனக்குத்தான் போட்டாங்க. ஏன்? வரி ஆபீசர் கடையில வந்து உக்காந்த அன்னைக்கு, கூட்டத்துல பாதி என் கூட்டாளிங்க. கடை ஓஹோன்னு ஓடுதுன்னு அந்த ஆபீசருக்குக் காட்ட நான்தான் வரவழைச்சேன். அந்தம்மா கண்ணை மூடிக்கிட்டு எல்லாத்தையும் எழுதிட்டுப் போயிட்டாங்க. இப்படி வேலை பாத்தவங்களுக்கு நாங்க ஆயுசு முழுக்கக் கொட்டிக் கொடுக்கணுமா?" சிரித்தார். "எப்படி? மண்டபமே சிரிக்கும் இல்ல?"

அவள் கையில் ஊசி நின்றது.

"அந்தம்மா யாருன்னு என் ஆபீஸ்காரங்களுக்குத் தெரியும்."

"சேச்சே, உன்னைச் சொல்லலைம்மா. சங்கத்துல கேட்டாங்க, சும்மா ஒரு உதாரணத்துக்கு."

"அப்ப நான் சாப்பிடறது தண்டச் சோறா?"



இத்தனை வருஷத்தில் அந்த நாளை அவர் எத்தனையோ தடவை பேசியிருக்கிறார். கூட்டாளிகளைப் பற்றி மட்டும் மூச்சு விட்டதில்லை. அவளும் கேட்டதில்லை. தனக்காக ஒருவர் அவ்வளவு மெனக்கெட்டார் என்பது அவளுக்கு இனித்தது. அதை அப்படியே பொத்தி வைத்திருந்தாள்.

நூலைப் பல்லால் கடித்தாள்.

"உங்க கூட்டாளிங்கள்ல ஒரு நெட்டையர், அன்னைக்குக் காலையில பொத்தான் வாங்கினார். மத்தியானம் ஜிப்பு. சாயங்காலம் ஊசி. மூணு தடவையும் வேற வேற சட்டை. கடைசியில போட்டிருந்தது உங்க கட்டம் போட்ட சட்டை."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "உனக்கு... அன்னைக்கே தெரியுமா?"

"திரும்பத் திரும்ப வந்தவங்க, உங்களைப் பாத்துக் கண்ணடிச்சவங்க, சில்லறை வாங்காம ஓடினவங்க, ஒருத்தரையும் நான் எழுதலை. மிச்சப் பேரைத்தான் எழுதினேன். கடை நிஜமாவே நல்லாத்தாங்க ஓடிச்சு."