சிவப்புப் பெருக்கல் குறி

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கணவன் முத்துசெல்வம் தீப்பெட்டி ஆபீசுக்குத் திரும்பியதும், சுதாராணி ஜன்னலைச் சாத்திவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாள். வெளியே கோவில்பட்டி வெயிலில் உறங்கிக் கிடக்கும். அதை வாங்கிய புதிதில் இணைய விளம்பரங்கள் அவளைப் படாதபாடு படுத்தின. ஒன்றை மூடினால் மூன்று முளைக்கும். பரிசு விழுந்திருக்கிறது என்று மினுக்கும். பார்க்கக் கூசும் படங்கள் குதிக்கும்.

ஒரு கணினிப் பத்திரிகையைப் படித்து அதற்கு வழி கண்டுபிடித்தாள். வேண்டாத தளங்களின் பெயர்களை ஒரு கோப்பில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் தன் கம்ப்யூட்டரின் முகவரியையே கொடுத்துவிட வேண்டும். பிறகு அந்தத் தளங்களிலிருந்து எதுவும் வராது. தினமும் பத்துப் பெயர் எழுதினாள். அழைக்காமல் வந்தவர்களெல்லாம் விளாத்திகுளம் ரோட்டுக் கானலில் வாசல் தெரியாமல் அலைவதாகத் தோன்றும். அந்த நினைப்பிலேயே கண் சொருகும்.

அப்படியொரு மத்தியானத்தில்தான் மஸ்கட்டிலிருந்து பத்திரகாளி அக்காவின் மின்னஞ்சல் வந்தது. இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. நாகலாபுரத்தில் அம்மா இறந்தபோது அக்காவுக்காகப் பொழுது சாயும்வரை காத்திருந்தார்கள். அவள் வரவில்லை. “இனி எங்கூடப் பேசாத” என்று போனில் கத்தியவள் சுதாராணிதான்.

தலைப்பில் ஒரு வார்த்தை இல்லை. திறந்தாள். வெள்ளைக் கட்டம், மூலையில் சின்னதாகச் சிவப்புப் பெருக்கல் குறி. அடுத்த வெள்ளிக்கிழமையும் அதே. இப்படி ஏழு வாரம்.

உறவே வேண்டாமென்று அடித்துக் காட்டுகிறாளோ? பார்க்கப் பார்க்க அந்த வெள்ளை, வெடித்த பருத்திக் காடாக விரிந்தது. அக்கா திரும்பிப் பாராமல் அதற்குள் போய்க்கொண்டேயிருந்தாள்.

ஒருநாள் சீக்கிரமே வீடு வந்த முத்துசெல்வம், “என்னட்டி, வெறும் திரையைப் பார்த்து அழுதுகிட்டு இருக்க?” என்றான்.

“அக்கா பெருக்கல் குறி போட்டு அனுப்புதா.”

அவன் குனிந்து பார்த்தான். “ஏட்டி, இது அவிய போட்டதில்ல. படம் வரலைன்னா கம்ப்யூட்டரே இப்படிக் காட்டும்.”

சுதாராணி அந்தப் படத்தின் முகவரியைப் பார்த்துவிட்டுத் தன் பட்டியலைத் திறந்தாள். நூற்றுப் பதினாறாவது வரியில், அக்கா படம் ஏற்றியிருந்த இலவசத் தளத்தின் பெயர் அவள் கைப்படவே இருந்தது. விளம்பரம் தள்ளுகிறதென்று எப்போதோ அடைத்தது. அந்த வரியை அழித்துவிட்டு மின்னஞ்சலை மறுபடி திறந்தாள்.

மேலிருந்து கீழாக, கொஞ்சம் கொஞ்சமாக, கோடு போட்ட நோட்டுத்தாள் தெரிய ஆரம்பித்தது. தமிழில் அடிக்கத் தெரியாத அக்கா கையால் எழுதிப் படமாக்கி அனுப்பியிருந்தாள்.

‘அம்மா போன அன்னைக்கு நான் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். வயிற்றில் நாலு மாசப் பிள்ளை தங்கவில்லை. சாவு வீட்டில் அதையும் எப்படிச் சொல்ல?’

ஏழு கடிதங்களையும் படித்து முடிக்கையில் முகம் நனைந்திருந்தது. முத்துசெல்வம் மஸ்கட் நம்பரைப் போட்டு ரிசீவரை அவள் கையில் கொடுத்தான்.

“யாரு?”

சுதாராணி மூக்கை உறிஞ்சினாள்.

“சுதாவா? ஏட்டி, பேசுட்டி.”

“இப்பத்தான் படிச்சேன்க்கா. உன்னை நான்தான் அடைச்சு வச்சிருந்தேன்.”

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. “என்ன உளறுத? சாப்பிட்டியா?” என்றாள்.

“இல்லக்கா,” என்றாள் சுதாராணி. “நீ பேசு, கேட்டுக்கிட்டு இருக்கேன்.”