இரண்டு ஊர்கள்

மூத்த மகன் மைக்கா தெரு முக்கில் லாரி மோதி இறந்த பிறகு, எவரெட்டும் லொரெய்னும் சிகாகோவை விட்டுப் போய்விடுவதென்று முடிவு செய்தார்கள். எந்த ஊருக்கு என்பதில்தான் ஒத்துப்போகவில்லை. எவரெட்டுக்குத் தூரத்துக் கொலராடோ மலைப்பக்கம் வேண்டும். லொரெய்னுக்கு ஞாயிறுதோறும் மகனின் கல்லறைக்கு வந்துபோகிற தூரத்தில் ஓர் ஊர் வேண்டும்.

முதலில் கொலராடோவில் ஒரு வீடு பார்த்தார்கள். காட்டிய பெண், "பிள்ளைங்களுக்கு எத்தனை ரூம் வேணும்?" என்று கேட்டாள்.

"ஒண்ணு" என்றான் எவரெட். அதே நேரம் லொரெய்ன், "ரெண்டு" என்றாள்.

சின்னவள் டெஸ்ஸா அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். "நான் மட்டும்தானேம்மா இருக்கேன்?"

லொரெய்ன் காலி அறைக்குள் போய் நின்றாள். எவரெட் பின்னாலேயே வந்தான்.

"இந்த ஊர்ல ஒருத்தருக்கும் அவனத் தெரியாது, எவ். நான் யார்கிட்ட அவனப் பத்திப் பேசுவேன்?"

"அதுக்குத்தான் இங்க வரலாம்னேன். அந்த முக்கைத் தாண்டி என்னால பால் வாங்கக்கூடப் போக முடியல, லொரெய்ன்."

இருவருமே அழுதார்கள். அந்தக் கோடையில் எவரெட் மட்டும் மலைக்குப் போனான். லொரெய்ன் டெஸ்ஸாவோடு, சிகாகோவுக்குப் பக்கத்து ஜோலியெட்டில் குடியேறினாள். ஒருவர்மேல் ஒருவருக்குக் கோபமில்லை. சாமான்களைப் பிரித்த அன்று, மைக்காவின் பனிக்காலணிகளில் ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டார்கள்.