மடக்கிய மூன்று விரல்கள்

நாங்கள் நடந்து வந்த வழியைக் கடல் எடுத்துக்கொண்டுவிட்டதை முதலில் பார்த்தவள் நான்தான். தண்ணீர் பாட்டிலை எடுக்கத் திரும்பியபோது, அரைமணி நேரத்துக்கு முன்பு எங்கள் காலடிகள் பதிந்திருந்த சேற்றின்மேல் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது. அலை இல்லை, நுரை இல்லை. யாரோ குழாயை மூட மறந்துவிட்டுப் போன குளியலறை மாதிரி அது பாட்டுக்குச் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது.

"என்னங்க, எட்டு மணிக்குத் தண்ணி வத்திடும்னுதானே எழுதி வச்சிருந்தீங்க?" என்றேன்.

என் கணவர் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுத்துக் கடலைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடியும் கடலைப் பார்த்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட வேலைக்குத் தாமதமாகப் போனதில்லை. அந்த முகத்தில் அசடு வழிந்து நான் அதற்குமுன் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். கல்யாணமான புதிதில் வேலை முடிந்து வந்தவர், அடுத்த மாடிக் கதவைத் தட்டி என்னைச் செல்லப்பெயர் சொல்லிக் கூப்பிட்டாரே, அன்றைக்கு.

குளிர்காலத்தில் எங்கிருந்தோ வந்து இறங்கும் உள்ளான், உப்புக்கொத்திப் பறவைகளைப் பார்க்க, பத்து வருஷமாக ஒவ்வொரு குளிருக்கும் குடும்பத்தோடு இந்தக் கடலோரத்துக்கு வருகிறோம். சேறு தெரியும் நேரத்தில் வந்து, அதைக் கடந்து, கடலுக்குள் நிற்கும் பழைய கற்கரையின் நுனிவரை நடந்து, அங்கே இடிந்து நிற்கும் காவல் அறையின் அரைச்சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து எண்ணுவோம். எண்ணுவதற்கு எங்களுக்கென்று ஒரு முறை உண்டு. அவர் தொலைநோக்கியில் கண்ணை வைத்து, நூறு ஆனதும் "ம்" என்பார். அவர் பின்பக்கம் நீட்டியிருக்கும் இடது கையில் மகள் ஒரு விரலை மடக்குவாள். ஐந்தும் மடங்கினால் நான் நோட்டில் ஒரு கோடு போடுவேன், அவள் கையை விரித்துவிடுவாள். எட்டு வயதில் அவள் தன் விரலைத்தான் மடக்கிக்கொண்டிருந்தாள். ஆனால் மூக்கு அரித்தால் கணக்கு போய்விடும். அதனால் அவர் தன் கையைக் கொடுத்தார்.

கடல் ஏறி இறங்கும் நேரத்தைத் துறைமுக அட்டவணையில் பார்த்து எழுதி, குளிர்பதனப் பெட்டியின்மேல் ஒட்டுவதும் அவள் வேலைதான். இந்த வருஷம் அது நடக்கவில்லை. அவளுக்கு வெகுதூரத்து ஊரில் படிக்க இடம் கிடைத்திருந்தது. இரண்டு விமானம் மாறிப் போகவேண்டிய ஊர். சேதி வந்த அன்று சாப்பாட்டு மேசையில் பேச்சு தடித்து, "போறதுன்னா அப்படியே போயிடு, திரும்பி வராதே," என்று சொல்லிவிட்டார். சொன்ன மறு நிமிஷமே அவருக்கே பொறுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. ஆனால் வாயைத் திறந்து அதைச் சொல்ல வேண்டுமே! பிடிவாதத்தில் அவள் அவருக்கு மேல். ஏழு வாரமாக இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. "அம்மா, அவர்கிட்ட சாவியைக் கேளு," "அவளைச் சாப்பிடச் சொல்லு" என்று ஒரே அறைக்குள் நான் தபால்காரியாக ஓடிக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை விமானம். இந்தப் பயணத்திலாவது ஏதாவது நடக்காதா என்றுதான் இருவரையும் இழுத்துக்கொண்டு வந்தேன்.

உண்மையில் போன ஞாயிறே வந்திருக்க வேண்டும். அட்டவணையைப் பார்த்து அவரே எழுதி ஒட்டியிருந்தார். கிளம்பும்போது எங்கோ ஒரு லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டதாக அழைப்பு வந்து, பயணம் ஒரு வாரம் தள்ளிப்போயிற்று. சீட்டில் தேதியை அடித்துப் புதுத் தேதி போட்டார். நேரத்தைத் தொடவில்லை. லிஃப்ட் பரிசோதனையை ஒரு வாரம் தள்ளினால் அதே கிழமை, அதே மணி. கடல் ஏறி இறங்கும் நேரமோ தினமும் கொஞ்சம் தள்ளிப்போகும். கடலும் அவருக்குக் கீழே வேலை பார்க்கிறது என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

"தேதியை மட்டும் மாத்தினேன்," என்றார் மெதுவாக, எங்கள் யாரையும் பார்க்காமல்.

மகள் தன் பையைத் திறந்தாள். மூன்று பேருக்கு மூன்று வேளைக்கான ரொட்டி, அவித்த முட்டை, நான்கு பாட்டில் தண்ணீர், வெயிலுக்குத் துணி. ஒரு மணி நேரப் பயணத்துக்கு இவ்வளவு எதற்கு என்று காலையிலேயே நினைத்தேன்.

"உனக்கு முன்னாடியே தெரியுமாடி?"

"சீட்டைப் பார்த்தேன். இந்தக் கரை முழுகாதுன்னும் பார்த்துட்டுதான் வந்தேன். ஒரு மணிக்குத் தண்ணி இறங்கிடும்."

"சொல்றதுக்கென்ன?"

"யாரும் என்னைக் கேக்கலையே."

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் மேலே ஒரு சத்தம் கேட்டது.

முதலில் மழை என்று நினைத்தேன். அண்ணாந்தால் வானத்தில் மேகம் இல்லை. மேகம் மாதிரி ஒன்று கடல்மேல் தாழப் பறந்து வந்தது. திரும்பியது, வெள்ளையாயிற்று. மறுபடி திரும்பியது, பழுப்பாயிற்று. அவ்வளவும் பறவை. பத்து வருஷமாக நாங்கள் சேறு தெரியும் நேரத்தில்தான் வந்திருக்கிறோம். அப்போது அவை கண்ணுக்கெட்டிய தூரம்வரை சிதறி, கொட்டிய மிளகு மாதிரிப் புள்ளிகளாய்த் தெரியும். அவற்றின் சேற்றையெல்லாம் கடல் மூடிவிட்டால் அவை எங்கே போகும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. இங்கேதான் வருகின்றன. இந்தக் கற்களுக்குத்தான், நாங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு.

"அசையாதீங்க," என்று அவர் உதடு மட்டும் சொன்னது. களைத்து வருபவற்றை எழுப்பிவிடக் கூடாது.

அவை இறங்கின. இறங்கிக்கொண்டே இருந்தன. சிவந்த கால்களோடு பவளக்காலிகள், நீண்ட மூக்கை முதுகுச் சிறகுக்குள் செருகிக்கொண்ட மூக்கான்கள், இடுக்குகளில் கொசு உள்ளான்கள். ஒன்றை ஒன்று இடித்து, முணுமுணுத்து, ஒற்றைக் காலில் நின்று, கல்லே தெரியாமல் கரையை மூடின. எங்கள் சுவருக்கு நான்கு முழம் தள்ளி ஒரு கொசு உள்ளான் நின்றது. ஒரு முட்டையின் பாதி எடைகூட இருக்காது. நெஞ்சு படபடவென்று அடிப்பது தெரிந்தது. பனி மலைகளைத் தாண்டி வந்த உயிர் அது. என்னை ஒரு கண்ணால் பார்த்துவிட்டு, அந்தக் கண்ணை மூடித் தூங்கிப்போனது. எனக்கு அழுகை வந்தது. பயமா சந்தோஷமா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இவ்வளவு பெரிய ஒன்று நம் பக்கத்தில் வந்து உட்காரும்போது வேறு என்ன செய்வது?

ஏழு வாரமாக வீட்டில் இருந்ததும் பேச்சில்லாமைதான். இங்கே இருந்ததும் அதுதான். ஆனால் இது கனக்கவில்லை.

அவர் அங்குலம் அங்குலமாகத் தொலைநோக்கிக்குக் குனிந்தார். பழக்கதோஷம், இடது கை தானாகப் பின்னால் நீண்டது. நீண்ட பிறகுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். கை அந்தரத்தில் நின்றது. இழுத்துக்கொள்ளவும் இல்லை, நீட்டவும் இல்லை.

"ம்," என்றார், தொண்டைக்குள்.

மகள் அந்தக் கையைப் பார்த்தாள். நான் நோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இந்தத் தபாலை நான் கொண்டுபோக முடியாது.

அடுத்த "ம்" வருவதற்குள், அவள் உட்கார்ந்தபடியே நகர்ந்து வந்து அவருடைய சுண்டுவிரலை மடக்கினாள்.

அதன்பிறகு எனக்கும் வேலை வந்துவிட்டது. ஐந்து விரல், ஒரு கோடு. ஐந்து விரல், ஒரு கோடு. வெயில் ஏறியது. தலையில் துணியைப் போட்டுக்கொண்டோம். அவர் கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. அது வியர்வை என்று அவர் சொன்னால் நம்புவதாக இருந்தேன். பதினான்கு கோடு ஆயிற்று. பதினைந்தாவதற்கு மூன்று விரல் மடங்கியிருந்தபோது, தூரத்தில் முதல் சேற்றுத் திட்டு பளபளத்தது. அவ்வளவுதான். கரை முழுவதும் ஒரே மூச்சில் எழுந்தது. அந்தக் காற்று என் முகத்தில் அறைந்தது. நோட்டின் பக்கங்கள் புரண்டன. ஓர் இறகு என் மடியில் வந்து விழுந்தது. நாங்கள் மூவரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம்.

அவள்தான் முதலில் பேசினாள்.

"அப்பா, கையை விரிங்க. எல்லாம் போயிடுச்சு."

அவர் தன் கையைப் பார்த்தார்.

"இன்னும் எண்ணி முடியலையேம்மா," என்றார். "இது இப்படியே இருக்கட்டும். நீ வந்து பிரிச்சு விடு."

"வர ஒரு வருஷம் ஆகும்பா."

"ஆகட்டும்."

நல்லவேளை, இடது கை. ஒரு வருஷம் பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

வழி தெரிந்ததும் கிளம்பினோம். அவர் முன்னால் போனார். தொலைநோக்கி வலது தோளில். நடுவழியில் சேறு வழுக்கி ஆள் சாய்ந்தார். நாங்கள் இருவரும் கத்தினோம். முழங்கையைச் சேற்றில் ஊன்றி எழுந்தார், கையை ஊன்றவில்லை. சட்டையெல்லாம் சேறு. மூன்று விரல் மடங்கி இரண்டு விரல் நீண்ட இடது கையைத் தண்ணீர் படாமல் உயரப் பிடித்துக்கொண்டு மறுபடி நடந்தார்.