ஓட்டை விடவா, வேண்டாமா?

1

இந்தக் கதை பிறந்த இடம் என் மண்டை அல்ல. ஒரு லாரியின் பின்புறம். பரீட்சைக்குக் கிளம்பிய என்னை மறித்துக்கொண்டு, தெருவை அடைத்து நின்றது கான்கிரீட் லாரி. அதன் முதுகில் பெரிய உருளை ஒன்று நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பாதி கட்டிய வீடு. கம்பி கட்டி முடித்த மாடித் தளத்தில் மூன்று பேர் கத்த, நான்காவது ஆள் மூவருக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். கீழே ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. கேட்காததை எழுதுவதுதான் இலக்கியம் என்று ஒரு பெரியவர் சொல்லியிருக்கிறார். (யாரும் சொல்லவில்லை. நான்தான்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "சிமெண்ட்டின் சாம்பல் நிறத்தில் மனித வாழ்வின் மகத்தான..."

மகத்தான என்ன என்று தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

அடுத்து: "கான்கிரீட் என்பது சிமெண்ட், மணல், ஜல்லி, தண்ணீர் ஆகியவை தகுந்த அளவில்..." இது பரீட்சைக்குப் படித்தது. இங்கேயாவது பயன்படட்டும் என்று பார்த்தேன்.

3

சரி, விஷயம் இதுதான். தலையாட்டி (இந்தப் பெயர் போதும், எப்படிக் கூப்பிட்டாலும் ஒத்துக்கொள்வார்) வீடு கட்டுகிறார். மாடியில் தையல் வகுப்பு நடத்தப்போகிறேன், படி கூடத்திலிருந்தே ஏறட்டும் என்றாள் மனைவி. தலையாட்டினார். அப்படியானால் தளத்தில் படிக்கு ஓட்டை விட வேண்டும். மாடிக்கு நான் குடிவருகிறேன், படி வெளியே இருக்கட்டும் என்றார் அண்ணன். அதற்கும் தலையாட்டினார். அப்படியானால் ஓட்டை கூடாது. அவளிடம் சொன்னது இவருக்குத் தெரியாது. இவரிடம் சொன்னது அவளுக்குத் தெரியாது. யார் முகமும் வாடக் கூடாது என்பதுதான் அவர் ஆசை. கான்கிரீட் வருவதற்குள் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நம்பினார்.

கான்கிரீட் வந்துவிட்டது.

(இப்படியும் ஒரு மனிதர் இருப்பாரா என்று எனக்கே சந்தேகம் வந்தது. எங்கள் வீட்டுக்குள் எட்டி அப்பாவைப் பார்த்தேன். சந்தேகம் தீர்ந்தது.)

4

ஓட்டைக்காக அடித்திருந்த பலகைச் சட்டத்தை அண்ணன் பிடுங்கச் சொன்னார். மனைவி திரும்ப அடிக்கச் சொன்னாள். இரண்டு தடவையும் மேஸ்திரி முதலாளியைப் பார்த்தார். இரண்டு தடவையும் தலை ஆடியது.

"ஏங்க, படி உள்ளதானே?"

ஆடியது.

"டேய் தம்பி, வீட்டுக்காரர்கிட்ட காலி பண்றேன்னு சொல்லிட்டேன்டா. சாமானெல்லாம் கட்டியாச்சு."

அதற்கும் ஆடியது.

"சாமான் கட்டிட்டு எங்க மாமா போறீங்க?" என்றாள் மனைவி.

"எங்க போவேன்? இங்கதான்மா, மாடிக்கு. இவன் சொல்லலையா?"

மனைவி திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அந்தப் பார்வை [இங்கே நல்ல உவமை ஒன்று போட வேண்டும்].

"இந்தத் தலையை நம்பி நாலு பொண்ணுங்களைச் சேர்த்துட்டேன்" என்றாள். "மிஷினை எங்க போடட்டும், இவர் தலையிலயா?"

"சார், குடும்ப விஷயத்தை அப்புறம் பேசிக்குங்க" என்றார் மேஸ்திரி. "ஓட்டையை மட்டும் இப்பச் சொல்லுங்க."

கீழிருந்து டிரைவர் கத்தினார்: "இன்னும் இழுத்தா உங்க வீடு லாரிக்குள்ளயே இறுகிடும்! அப்புறம் எல்லாரும் இதுலயே குடியிருங்க!"

தலையாட்டி டிரைவருக்கும் ஒரு தடவை ஆட்டினார்.

5

முடிவு ஒன்று: ஓட்டை விடுகிறார். அண்ணன் கட்டிய சாமானோடு தெருவில் நிற்கிறார். அதை இனி எல்லாக் கல்யாணத்திலும் பந்தியில் உட்கார்ந்து சொல்வார்.

முடிவு இரண்டு: ஓட்டை இல்லை. தையல் வகுப்பு படுக்கையறையில் நடக்கிறது. தலையாட்டி எங்கே படுக்கிறார் என்பதை

வேண்டாம், பாவம்.

முடிவு மூன்று: ஓட்டையும் உண்டு, வெளியே படியும் உண்டு. எனக்கு இது பிடித்திருந்தது. எழுதி முடிப்பதற்குள் மனைவி என் பக்கம் திரும்பிவிட்டாள். "ஏன் தம்பி, அவர் வெளிய ஏறி வருவார், நான் உள்ள ஏறி வருவேன். மேல போய் இதே சண்டையைப் போடணும். அதுக்கா இவ்வளவு கான்கிரீட்?"

எனக்கும் தலைதான் ஆடியது.

6

உருளை இன்னும் சுற்றுகிறது. கதை முடியாமல் லாரி நகராது. லாரி நகராமல் நான் பரீட்சைக்குப் போக முடியாது. முதலாளியால் ஆகாது, இந்தப் பையனாலும் ஆகாது என்று மேஸ்திரிக்குப் புரிந்துவிட்டது. இப்போது அவர் உங்கள் பக்கம் திரும்பியிருக்கிறார்.

"படிக்கிறவங்களே, ஓட்டை விடவா, வேண்டாமா?"

வாயைத் திறந்து சொல்லுங்கள். தயவுசெய்து தலையை ஆட்டாதீர்கள். அதற்கு மாடியில் ஏற்கெனவே ஆள் இருக்கிறார்.