நடுவில் நின்ற சனம்

2009 பிப்ரவரியில், ஷார்ஜாவின் ஓர் இந்தியப் பள்ளி ஆண்டு விழாவுக்குக் கோட்டை முற்றுகை நாடகம் போட முடிவு செய்தது. பொறுப்பு சரித்திர ஆசிரியை அகிலாவிடம் வந்தது. பிளைவுட்டில் கோட்டை செய்யத் தொழிற்பேட்டையிலிருந்து அருள்ராஜ் என்ற தச்சர் வந்தார். இலங்கை மன்னார்க்காரர், அதிகம் பேசமாட்டார்.

ஒத்திகையில், கொதிக்கும் எண்ணெயை யார் ஊற்றுவது என்று பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள். அகிலாவுக்குச் சிரிப்பு வந்தது.

"அவ்வளவு எண்ணெய்க்கு எங்கப்பா போவாங்க? வெந்நீர், கல்லு, அவ்வளவுதான். பல கோட்டையில காவலுக்கே முப்பது நாப்பது பேர்தான். வாள் சண்டையெல்லாம் எப்பவோ ஒருநாள். மத்தபடி மாசக்கணக்கா காத்துக் கிடப்பாங்க. பசியும் வயித்துப்போக்கும்தான் ஆளைக் கொல்லும்."

பிரான்ஸில் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு முற்றுகையையும் சொன்னாள். அடைக்கலம் தேடி ஊர்ச்சனம் கோட்டைக்குள் புகுந்திருந்தது. தானியம் குறைந்ததும் தளபதி அவர்களை வெளியேற்றினான். முதலில் வந்தவர்களை எதிரிப்படை போகவிட்டது. பின்னால் வந்தவர்களை விடவில்லை. திரும்பி ஓடினால் கோட்டைக் கதவும் திறக்கவில்லை. குளிர்காலம் முழுக்க, இரண்டு பக்கத்துக்கும் நடுவே, புல்லைத் தின்றுகொண்டு கிடந்தார்கள்.

மணி அடித்தது. பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். அருள்ராஜ் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"டீச்சர், நடுவில நிண்ட சனத்துக்குப் பிறகு என்ன நடந்தது?"

"ஏன் கேக்குறீங்கண்ணே?"

"என்ர மனுசியும் பிள்ளையும் வன்னியில, கடற்கரையோரம் மாட்டுப்பட்டுப் போச்சினம். இயக்கம் வெளிய விடுகுதில்லை, ஆமி செல் குண்டு அடிக்குது. மூண்டு கிழமையா போன் இல்லை."

எதிரிகளின் அரசன் மனமிறங்கி வழிவிட்டபோது கொஞ்சப் பேரே மிஞ்சியிருந்தார்கள் என்பது அகிலாவுக்குத் தெரியும்.

"விட்டுட்டாங்கண்ணே. சாப்பாடு போட்டு எல்லாரையும் அனுப்பிட்டாங்க."

அவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

மே மாதக் கடைசியில் அருள்ராஜ் பள்ளி வாசலில் நின்றிருந்தார். கம்பெனியில் லீவு கேட்க ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வேண்டுமாம்.

"பிள்ளை முகாமில இருக்கிறாள். மனுசி கஞ்சிக்கு வரிசையில நிக்கேக்க செல் விழுந்திட்டுது."

அகிலா பேனாவை எடுக்கவில்லை. "அண்ணே, அன்னைக்கு நான் சொன்னது பொய்."

"தெரியும் டீச்சர். உங்கட முகத்தில தெரிஞ்சது. எண்டாலும் அதை நினைச்சுத்தான் இவ்வளவு நாளும் நித்திரை கொண்டனான்."

மனைவியின் பெயர் கேட்டாள். ஜெசிந்தா என்றார். எழுதி முடிப்பதற்குள் அகிலாவுக்குக் கண்ணீர் மறைத்துவிட்டது.

லீவு ஜூன் மாதம்தான் கிடைத்தது. வவுனியாவிலிருந்து ஒருநாள் போன் செய்தார்.

"பிள்ளையப் பாத்தனான் டீச்சர். முகாமுக்குள்ள விடேல்ல, வேலிக்கு இங்கால நிண்டுதான் பாத்தனான். கண்டு நாலு வருசமெல்லோ, முதல்ல என்னை ஆரெண்டு மட்டுக்கட்டேல்ல. பிறகு அழுதுகொண்டு கையை நீட்டினவள். ரெண்டு வேலி டீச்சர். கை எட்டேல்ல."