மஞ்சள் துணி கட்டிய கார்

வடகவுஞ்சி பாண்டிச்செல்வியின் கார் சூடானால் அவள் புருஷன் மனோஜ்குமாருக்குக் காய்ச்சல் அடிக்கும். மலை ஏற்றத்தில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டால் வீட்டில் இருப்பவன் உடம்பு அனலாகக் கொதிக்கும். இறக்கத்தில் வண்டி ஆறினால் அவனும் ஆறி எழுந்து உட்காருவான். எட்டு வருஷம் அவனே ஓட்டிய வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று ஊரில் சொன்னார்கள். அவனால் முடியாமல் போனதும் பாண்டிச்செல்வி ஸ்டீரிங்கைப் பிடித்து, கொடைக்கானல் பார்க்க வருகிறவர்களை ஏற்றி இறக்கினாள். வண்டி ஓடாவிட்டால் அடுப்பு எரியாது. ஓடினால் புருஷன் எரிந்தான்.

பெருமாள்மலையில் பட்டறை வைத்திருக்கும் முத்துராஜ் வண்டிக்கு வைத்தியம் பார்த்தான். எஞ்சினைக் குளிர்விக்கிற பச்சைக் கூலண்டை மாற்றினான், அந்த வாரம் முழுக்க மனோஜ்குமாருக்கு வியர்வை பச்சையாக வழிந்தது, பாண்டிச்செல்வி அவன் சட்டைகளைத் தனியாகத் துவைத்தாள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றினான், எஞ்சின் சூடே ஏறாமல் ஓட, மனோஜ்குமார் உச்சிவெயிலில் கம்பளிக்குள் நடுங்கினான். அதைத் திரும்ப மாட்டிவிட்டு, ரேடியேட்டர் ஃபேன் இரண்டையும் சாவி சுவிட்சோடு டைரக்ட் பண்ணினான். சாவி போட்டால் நிற்காமல் சுற்றும். அன்றிலிருந்து வண்டி ஓடும் நேரமெல்லாம் மனோஜ்குமாரால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கட்டிலிலிருந்து வாசல், வாசலிலிருந்து பூண்டுக் காடு, மறுபடி கட்டில். காய்ச்சலோடுதான் நடந்தான். பார்க்கிறவர்களுக்கே தலை சுற்றியது.

"எல்லாம் சரியாத்தான் கெடக்குக்கா. ஏன் சூடு ஏறுதுன்னுதான் தெரியல" என்றான் முத்துராஜ்.

அவன் கை வைக்காதது ஒன்றே ஒன்று. முதல் காய்ச்சலின்போது பாண்டிச்செல்வி பழனிக்குப் போய் வேண்டிக்கொண்டு, காரின் முன்வலையை மூடி மஞ்சள் துணி கட்டியிருந்தாள். குணமானால்தான் அவிழ்ப்பது என்று நேர்த்தி. காய்ச்சல் திரும்பத் திரும்ப வரவும், முருகன் காதில் விழவில்லையோ என்று ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டிக்கொண்டே போனாள். நேர்த்தித் துணியில் கிரீஸ் கை படலாமா என்று முத்துராஜ் பக்கவாட்டில் குனிந்தே வேலை பார்த்தான். நல்ல மனுஷன்தான், என்ன செய்ய.

ஐப்பசியில் ஒரு காலை, வண்டி சும்மா நிற்கும்போதும் காய்ச்சல் இறங்கவில்லை. மனோஜ்குமாருக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. பஸ்ஸும் போய்விட்டது. அவனைப் பின்சீட்டில் படுக்கவைத்துக் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். பெருமாள்மலை தாண்டியதும் முள் சிவப்புக்குப் போனது. பின்னால் முனகலும் நின்றுபோனது. மேகம் இறங்கிய ஒரு வளைவில் ஓரங்கட்டி, எஞ்சினை அணைக்காமல் பானட்டைத் தூக்கினாள். ஃபேன் இரண்டும் உறுமிக்கொண்டு சுற்றின. முன்னால் வந்து பார்த்தால், துணியெல்லாம் உள்ளே இழுபட்டு வலையோடு ஒட்டிக் கிடந்தது. ஒரு பொட்டுக் காற்று போக வழியில்லை. குணமாக வேண்டுமென்று கட்டியதே அவன் மூச்சை அடைத்திருக்கிறது என்று தெரிந்ததும் அவளுக்கு அழுகை வெடித்தது. குணமாகாமல் அவிழ்த்தால் தெய்வக்குத்தம். அவிழ்க்காவிட்டால் ஆள் இல்லை.

"முருகா, கோவம்னா என்கூட வச்சுக்க. இந்த மனுசனுக்குக் காத்து வேணும்" என்று முடிச்சுகளைப் பல்லால் கடித்துப் பிய்த்தாள்.

அந்த வளைவில் நின்ற மேகம் முழுக்க வலைக்குள் போனது. பின்சீட்டில் மனோஜ்குமார் இழுத்த மூச்சில் கண்ணாடிகள் அதிர்ந்தன.

"செல்வி, ரோட்டுல என்ன சோலி? வெரசா வீட்டுக்குப் போவோம்" என்றான்.

பிறகு காய்ச்சல் வரவில்லை, வண்டி ஓடும் நேரத்து நடைதான் நிற்கவில்லை. ஃபேனைப் பழையபடி சூட்டுக்கு மட்டும் சுற்றுகிற மாதிரி மாற்றிக் கொடுத்தால் ஆள் ஓரிடத்தில் உட்காருவார் என்றான் முத்துராஜ்.

"அசையாமக் கெடந்ததை நான் பாத்துட்டேன் முத்து. அவரு சுத்தட்டும்" என்று சாவியை வாங்கிக்கொண்டாள்.

இப்போதும் மனோஜ்குமார் பூண்டுக் காட்டில் விறுவிறுவென்று நடப்பதைப் பார்த்தால், பாண்டிச்செல்விக்குச் சவாரி கிடைத்துவிட்டது என்று வடகவுஞ்சிக்காரர்கள் சொல்லிக்கொள்கிறார்கள்.