மூலையை நம்பியது

டயாலிசிஸ் அறைக்குத் தண்ணீர் வரும் குழாய் காலையில் வெடித்தது. வெள்ளத்தில் கடைத்தெரு முழுவதும் மூழ்கிக் கிடந்தது. பிளம்பரான என்னிடம் இருந்தது நூற்று நாற்பது சென்டிமீட்டர் குழாய், அவ்வளவுதான். வெளியே பெஞ்சில் அக்கா மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். முந்தாநாள் டயாலிசிஸ் முறையும் அவளுக்குத் தவறிவிட்டது.

உடைந்த முனையிலிருந்து அறுபது சென்டிமீட்டர் தள்ளி, அறுபது மேலே இருந்த வால்வில் குழாய் சேர வேண்டும். சாய்த்துக் கொண்டுபோனால் இரண்டு மெஷினுக்கும் அழுத்தம் கிடைக்கும். செங்குத்தாகத் திருப்பினால் ஒவ்வொரு திருப்பமும் அழுத்தத்தைத் தின்னும்.

அக்கா புருஷன் தையல்காரர். டேப்பின் மறுமுனையை அவர் பிடித்தார்.

அறுபதை ஒன்று புள்ளி நாலு ஒன்றால் பெருக்கினால் போதும். அந்தப் பதற்றத்தில் எனக்குக் கணக்கு ஓடவில்லை. அறையின் மூலையைச் செங்கோணம் என்று எடுத்துக்கொண்டு, இரு சுவரோரமும் தரையில் அறுபது குறித்துக் குறுக்கே அளந்தேன். எண்பத்திரண்டு. எண்பத்தைந்து வர வேண்டுமே என்று உறைக்கவில்லை. வளைவுகளுக்கு உண்டானதைக் கழித்துவிட்டு அறுத்தேன்.

பசை தடவுமுன் பொருத்திப் பார்த்தேன். மூன்று சென்டிமீட்டர் எட்டவில்லை.

"சட்டைன்னா தையலப் பிரிச்சு விட்டுருவேன் மாப்ள. இத என்ன செய்றது?"

அப்போதுதான் மூலையைச் சோதித்தேன். ஒரு சுவரில் முப்பது, மறு சுவரில் நாற்பது, குறுக்கே ஐம்பது வர வேண்டும். நாற்பத்தெட்டுச் சொச்சம்தான் வந்தது. பழைய கட்டடம், மூலை குறுகியிருந்தது. முதலில் செய்திருக்க வேண்டிய சோதனை.

கையில் இரண்டு துண்டுகள். இரண்டையும் சேர்க்க கப்ளிங் இல்லை. எதுவும் குறுக்கே எட்டாது, பக்கங்களுக்கு எட்டும். ஒன்றை நிறுத்தி, மற்றதைக் கிடத்தி, பையில் இருந்த இரண்டு செங்கோண எல்போவை வைத்து ஒட்டினேன். தண்ணீர் வந்தது. அழுத்தமானியின் முள் பாதியில் நின்றது.

ஒரு மெஷின்தான் ஓடும் என்றார் நர்ஸ். ரத்த ரிப்போர்ட்டுகளைப் புரட்டிப் பார்த்து, இருப்பதிலேயே மோசமாக இருந்தவரைக் கூப்பிட்டார். யாரோ ஒரு லாரி டிரைவர். நர்ஸைக் குறை சொல்ல முடியாது. அக்கா இரண்டாவது. நாலு மணி நேரம் கழித்து.

"ஏன்டா ஒண்ணுதான் ஓடுது?" என்றாள்.

"தண்ணி வேகம் பத்தலக்கா."

மூலையைப் பற்றி நான் சொல்லவில்லை.  மாமா குனிந்து, நீர் கோத்து வீங்கியிருந்த அவள் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். குழி விழுந்தது. நிரம்புகிறதா என்று இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.